விரிவுரை இல்லாத மருத்துவக் கல்லூரி: சிக்கல்வழிக் கற்றலின் வரலாறு

மருத்துவம் படிக்க வந்த மாணவரின் கையில் முதல் வாரத்திலேயே ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அதை விளங்கிக்கொள்ள என்னென்ன தெரிய வேண்டும் என்பதை அவரையே கண்டறியச் சொல்லும் முறைக்குச் சிக்கல்வழிக் கற்றல் என்று பெயர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் 20 மாணவர்களோடு இது தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உயர்கல்வியில் நடந்த கற்பித்தல் சோதனைகளில் இந்த அளவுக்கு உலகெங்கும் பரவியவை குறைவு. இந்த அளவுக்கு ஏச்சு வாங்கியவையும் குறைவுதான்.

அதற்கு முன்பு வட அமெரிக்க மருத்துவக் கல்வி 1910இல் போட்ட தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கார்னெகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அந்த ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு பட்டத்தைக் கொடுத்துவந்த கல்லூரிகள் பல அதன்பின் இழுத்து மூடப்பட்டன. மிஞ்சியவை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படை அறிவியல்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை. மாணவர் தன் கையால் செய்து கற்க வேண்டும் என்றுதான் ஃப்ளெக்ஸ்னரும் சொன்னார். கல்லூரிகள் அவருடைய கால அட்டவணையை எடுத்துக்கொண்டு அந்த அறிவுரையை விட்டுவிட்டன. பாடங்கள் பெருகப் பெருக முதல் இரண்டு ஆண்டுகளும் விரிவுரை, குறிப்பெடுப்பு, மனப்பாடம், தேர்வு என்றே கழிந்தன. நோயாளியின் படுக்கையருகே நிறுத்திப் பாடம் சொல்வதை 1890களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் புகழ்பெறச் செய்தவர் வில்லியம் ஆஸ்லர். அவர் சிறுவயதில் வளர்ந்த டண்டாஸ் ஊர் ஹாமில்டனை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அவருடைய முறையும் பெரும்பாலும் பிந்தைய ஆண்டுகளுக்கு உரியதாகவே நின்றுவிட்டது.

இந்த அமைப்பின் ஓட்டையைப் பலரும் பார்த்திருந்தார்கள். முதலாண்டில் நரம்பு மண்டலத்தைப் படித்துத் தேறிய மாணவர், மூன்றாம் ஆண்டில் பக்கவாத நோயாளியின் முன்னால் நிற்கும்போது படித்ததில் ஒன்றும் நினைவுக்கு வராமல் விழிப்பார். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் கற்பித்துவந்த ஹோவர்ட் பாரோஸுக்கு இது பெரிய உறுத்தலாக இருந்தது. கிளீவ்லாந்திலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் மருத்துவக் கல்லூரி 1952இலேயே துறைவாரிப் பாடங்களைக் கலைத்து, இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்பு மண்டலவாரியாகப் பாடங்களைக் கோத்துப் பார்த்தது. அது துணிச்சலான மாற்றம்தான். ஆனாலும் பேசுபவர் ஆசிரியர், கேட்பவர் மாணவர் என்ற ஏற்பாடு அங்கும் மாறவில்லை.

புதிய கல்லூரிகள் வேண்டும் என்ற நெருக்கடி கனடாவில் வந்தது. நீதிபதி எம்மெட் ஹால் தலைமையிலான அரச ஆணையம், அனைவருக்கும் பொது மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 1964இல் பரிந்துரைத்தது. காப்பீடு வந்தால் மருத்துவர்கள் போதமாட்டார்கள் என்பது வெளிப்படை. 1966இல் மருத்துவக் கல்விக் கட்டடங்களுக்கென்று தனி நிதிச் சட்டம் நிறைவேறியது. மெக்மாஸ்டர், கால்கரி, ஷெர்ப்ரூக், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவப் புலங்கள் அடுத்தடுத்து முளைத்தன. இவற்றில் மெக்மாஸ்டரின் முதல் புலத்தலைவராக 1965இல் அமர்த்தப்பட்டவர் டொராண்டோவின் இதய மருத்துவர் ஜான் எவன்ஸ். அப்போது அவருக்கு வயது 35.

எவன்ஸ் தன்னைச் சுற்றிச் சேர்த்த கூட்டம் வினோதமானது. பாடத்திட்டத்துக்கு வில்லியம் ஸ்பால்டிங், இரத்தத்தட்டு ஆய்வாளர் ஃப்ரேசர் மஸ்டர்ட், உடற்கூறியலோடு மானிடவியலும் அறிந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், லண்டனிலிருந்து வந்த சுவாச மருத்துவர் மோரன் கேம்பல் ஆகியோர் வந்தார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை எண்ணிக் காட்டச் சொல்லும் இளைஞர் டேவிட் சாக்கெட் 1967இல் வந்து சேர்ந்தார். இவர்களில் யாரும் கல்விக் கோட்பாட்டாளர் இல்லை. சிக்கல்வழிக் கற்றலுக்குக் கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டியூயியிடமிருந்து தத்துவ வம்சாவளி கட்டுவது பிற்காலத்தவரின் வேலை. ஹாமில்டனில் கூடியவர்களை இணைத்தது, தாங்கள் மாணவர்களாக இருந்தபோது முதல் இரண்டு ஆண்டுகள் வீணாயின என்ற பொதுவான கசப்பு. ஹார்வர்டில் 1870இல் கிறிஸ்டோபர் லாங்டெல் சட்ட வகுப்பில் கொண்டுவந்த வழக்குமுறையும், பின்னர் அங்கே வணிகப் பள்ளியில் அதிலிருந்து வளர்ந்த முறையும் கையெட்டும் தூரத்தில் முன்மாதிரிகளாக இருந்தன. ஒரு வேறுபாடு உண்டு. வழக்குமுறையில் மாணவர் முன்கூட்டியே படித்துவிட்டு வகுப்புக்கு வர வேண்டும். ஹாமில்டனில் படிப்பதற்கு முன்பே சிக்கலைச் சந்திக்க வேண்டும்.

வெற்று நிலத்தில் கட்டியதுதான் இவர்களுக்கு வாய்த்த பெரிய வசதி. பழைய கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் இத்தனை மணி நேரம், இத்தனை கேள்வி என்ற பங்கு உண்டு. அதில் ஒரு மணியைக் குறைத்தாலும் போர் மூளும். மெக்மாஸ்டரில் துறைகள் பிறப்பதற்கு முன்பே பாடத்திட்டம் பிறந்துவிட்டது. எவன்ஸ் இன்னொரு காரியமும் செய்தார். கற்பித்தலுக்கான பொறுப்பையும் பணத்தையும் துறைத்தலைவர்களிடம் விடாமல், தனியொரு கல்வித் திட்டக் குழுவிடம் கொடுத்தார். துறை ஆசிரியரைத் தரும்; அவர் என்ன கற்பிப்பார் என்பதைத் திட்டக்குழு முடிவு செய்யும். பிற்காலத்தில் மெக்மாஸ்டரைப் பார்த்து நகலெடுக்க வந்தவர்கள் வட்டமேசைகளையும் வெண்பலகைகளையும் குறித்துக்கொண்டு போனார்கள். இந்த நிர்வாக ஏற்பாட்டைக் குறித்துக்கொண்டவர்கள் சிலரே. பல இடங்களில் முறை நாலைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோனதற்குக் காரணத்தை இங்கே தேடுவது பொருத்தம்.

படிப்பு மூன்றே ஆண்டுகள். ஆனால் கோடை விடுமுறை கிட்டத்தட்ட இல்லை. சேர்க்கையிலும் புதுமை இருந்தது. இளங்கலையில் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் இலக்கியமும் சமூகவியலும் படித்தவர்கள் உள்ளே வந்தார்கள். மதிப்பெண்ணோடு, விண்ணப்பதாரர் தன்னைப் பற்றி எழுதிய நீண்ட கடிதமும் படிக்கப்பட்டது. சிலரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு சிக்கலைக் கொடுத்து, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். அடுத்தவரைப் பேசவிடாதவருக்கு இந்தக் கல்லூரி சரிப்படாது என்பது இவர்கள் கணக்கு.

கட்டடமும் இந்த எண்ணத்துக்குத் துணைபோனது. ஈபர்ஹார்ட் ஸைட்லர் வடிவமைத்த மருத்துவ அறிவியல் மையம் 1972இல் திறக்கப்பட்டது. குழாய்களும் மின்கம்பிகளும் மாடிகளுக்கு இடையிலுள்ள தனித் தளங்களில் ஓடியதால், சுவர்களை வேண்டும்போது பெயர்த்து நகர்த்த முடிந்தது. மருத்துவமனை, ஆய்வகம், நூலகம், சிறுகுழு அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். உடற்கூறியலுக்கு எல்லோரும் சேர்ந்து பிணம் அறுக்கும் கட்டாய வகுப்பு கிடையாது. அறுத்துப் பதப்படுத்திப் பெயரிட்ட உறுப்புகள் ஒரு கூடத்தில் வைக்கப்பட்டிருந்தன. எந்த வாரம் எது தேவைப்படுகிறதோ, அதை மாணவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உடற்கூறியலாளர்கள் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

முறையின் உயிர்நாடி சிறுகுழு வகுப்பு. தொடக்கத்தில் ஐந்தாறு மாணவர்களும் ஒரு வழிகாட்டி ஆசிரியரும் வாரத்துக்கு இரண்டு முறை கூடினார்கள். அது எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 58 வயது இரும்பாலைத் தொழிலாளி ஒருவருக்குச் சில மாதங்களாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் படுத்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறார். இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருக்கின்றன. தாளில் இவ்வளவுதான் இருக்கும். ஒரு மாணவர் ஆலைத் தூசி நுரையீரலைக் கெடுத்திருக்கும் என்பார். அப்படியானால் கால் ஏன் வீங்க வேண்டும் என்று இன்னொருவர் மடக்குவார். செவிலியராக இருந்துவிட்டுப் படிக்க வந்த ஒருவர், இது இதயச் செயலிழப்பு என்று பெயரைச் சொல்லிவிடுவார். பெயரைச் சொன்னதும் ஆட்டம் முடிந்தது என்று நினைப்பது புதிய குழுக்களின் வழக்கம். ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

இதயம் சரியாக இறைக்காவிட்டால் நுரையீரலில் ஏன் நீர் கோக்க வேண்டும்? நின்றால் இல்லாத திணறல் படுத்தால் ஏன் வருகிறது? இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியேறுவதையும் உள்ளே திரும்புவதையும் தீர்மானிப்பது எது? உடலில் இரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தவறாக நினைத்து உப்பைப் பிடித்துவைக்கிறது என்று எங்கோ படித்த நினைவு; அது எப்படி? ஆலையில் வேலை இனிப் பார்க்க முடியுமா, பார்க்க முடியாவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? தெரிந்தவை பலகையின் ஒரு பக்கத்திலும் தெரியாதவை மறுபக்கத்திலும் ஏறும். தெரியாதவற்றில் நாலைந்தைத் தேர்ந்து கற்றல் இலக்குகளாக்கிக்கொண்டு குழு கலையும். இடைப்பட்ட இரண்டு மூன்று நாட்கள் நூலகத்திலும் உறுப்புக் கூடத்திலும், தேவைப்பட்டால் அந்தத் துறை நிபுணரின் வாசலிலும் கழியும். மீண்டும் கூடும்போது அவரவர் படித்ததை ஒப்பிப்பதில்லை. படித்ததைக் கொண்டு அந்தத் தொழிலாளியின் மூச்சுத் திணறலை விளக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு மாணவர் வரைந்த படத்தில் இன்னொருவர் அம்புக்குறியைத் திருப்பிப்போடுவார். ஆளுக்கொரு தலைப்பாகப் பிரித்துக்கொண்டு அவரவர் பங்கை வாசித்துவிட்டுப் போகும் குழுக்களும் உண்டு. அது முறை அல்ல, முறையின் நோய்.

இந்த வகுப்பில் மிகக் கடினமான வேலை ஆசிரியருக்கு. அவருக்கு விடை தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. குழு தப்பான திசையில் போகும்போது எவ்வளவு தூரம் விடுவது, எங்கே ஒரு கேள்வி போட்டுத் திருப்புவது என்பதுதான் அவருடைய கலை. ஆசிரியர் அந்தத் துறையின் நிபுணராக இருக்கத் தேவையில்லை, குழுவை நடத்தத் தெரிந்தால் போதும் என்று தொடக்ககால மெக்மாஸ்டர் கருதியது. இதய நோய்ச் சிக்கலுக்கு மனநல மருத்துவர் வந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. பொருள் தெரியாத ஆசிரியரால் குழுவின் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது; பொருள் மிக நன்றாகத் தெரிந்தவரோ பத்தாவது நிமிடத்தில் விரிவுரை ஆற்றத் தொடங்கிவிடுவார். எவர் மேல் என்ற வாதம் பல ஆண்டுகள் ஆய்விதழ்களில் ஓடியது.

பாரோஸ் 1971இல் மெக்மாஸ்டருக்கு வந்தார். வரும்போது கையோடு ஒரு புதுமையையும் கொண்டுவந்தார். 1963இல் அவர் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி அளித்து, நரம்பு நோயாளியைப் போல நடிக்கவைத்திருந்தார். எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை, எந்தக் கால் இழுக்கும், என்ன கேட்டால் என்ன பதில் என்பதெல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்டவை. சோதித்த மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் அந்தப் பெண் பின்னர் எழுதித் தருவார். மருத்துவப் பேராசிரியர்கள் இதைச் சினிமாக் கூத்து என்று முதலில் கேலி செய்தார்கள். இன்று உலகெங்கும் பல மருத்துவத் தேர்வுகளில் நடிப்பு நோயாளிகள் இருக்கிறார்கள்.

பாரோஸும் செவிலியரான ராபின் டாம்ப்ளினும் சேர்ந்து 1977இல் விவரித்த சீட்டுக்கட்டு இன்னும் சுவையானது. ஒரு நோயாளிக்கு ஒரு கட்டு. கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும், செய்யக்கூடிய ஒவ்வொரு பரிசோதனைக்கும், கொடுக்கக்கூடிய ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு சீட்டு. மாணவர் தனக்கு வேண்டிய சீட்டை எடுத்துத் திருப்பினால் பின்பக்கத்தில் விளைவு இருக்கும். எந்த வரிசையில் எடுத்தார் என்பதைப் பார்த்தாலே அவர் யோசித்த விதம் தெரிந்துவிடும். மேசையில் பரப்பிய காகிதத்திலேயே இது நடந்தது. கணினி வழி நோயாளிகள் என்று பிற்காலத்தில் விற்கப்பட்டவை பல இந்தக் கட்டின் வாரிசுகள். இருவரும் 1980இல் வெளியிட்ட நூலே இந்த முறைக்கு முதல் கையேடாக அமைந்தது. அதற்குப் பின் பாரோஸ் இல்லினாய் மாநிலத்துக்குப் போய், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முறையை மேலும் இறுக்கமாக வளர்த்தார்.

முதல் தொகுதி 1972இல் வெளியேறியது. மாணவர் எண்ணிக்கை நாளடைவில் 100ஐ எட்டியது. அதுவரை எல்லாவற்றையும் மாற்றியவர்கள் தேர்வை மாற்றவில்லை, எடுத்தே விட்டார்கள். மதிப்பெண் இல்லை, தரவரிசை இல்லை, ஆண்டிறுதித் தேர்வு இல்லை. குழுவில் மாணவர் நடந்துகொண்டதை வைத்து வழிகாட்டி ஆசிரியர் நிறைவா, நிறைவில்லையா என்று எழுதுவார். மாணவர் தன்னைப் பற்றியும் சக மாணவரைப் பற்றியும் மதிப்பீடு சொல்வார். தேர்வு வைத்தால் மாணவர் தேர்வுக்காகப் படிப்பார் என்பது இவர்கள் அச்சம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஒரு தேர்வு ஊரின் எல்லையில் காத்திருந்தது. மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டுமானால் கனடிய மருத்துவக் குழுமத்தின் தேர்வில் தேற வேண்டும். 1980களின் இறுதியில் அந்தத் தேர்வில் மெக்மாஸ்டர் மாணவர்களின் தோல்வி கவலைப்படும் அளவுக்கு உயர்ந்தது. குழுவில் நன்றாகப் பேசிய மாணவருக்குத் தனக்கு எது தெரியாது என்பதே தெரியாமல் போயிருந்தது. அவரை மதிப்பிட்ட ஆசிரியருக்கும் தெரியவில்லை.

இதற்கான தீர்வு நெதர்லாந்திலிருந்து வந்தது. லிம்பர்க் மாகாணத்தின் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதென்று 1965இல் டச்சு அரசு முடிவு செய்தது. வேலை இழந்த பகுதிக்கு ஈடாக மாஸ்ட்ரிக்ட் நகருக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. நாட்டின் எட்டாவது மருத்துவப் புலமாக அங்கே 1974இல் வகுப்பு தொடங்கியபோது, ஏழோடு எட்டாக நிற்காமல் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்ற தேவை இருந்தது. அவர்கள் மெக்மாஸ்டர் முறையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் டச்சுக்காரர்கள் அதற்கு ஒழுங்கு கட்டினார்கள். சொற்களைத் தெளிவாக்கு, சிக்கலை வரையறு, தோன்றுவதையெல்லாம் சொல், அவற்றை வகைப்படுத்து, கற்றல் இலக்குகளை எழுது, தனியே படி, திரும்பி வந்து பகிர் என்று ஏழு படிகள் வகுக்கப்பட்டன. ‘ஏழு தாண்டல்’ என்ற பெயரில் இவை ஐரோப்பா முழுவதும் பரவின. புதிய ஆசிரியருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்தது. இயந்திரத்தனமாக ஏழையும் ஓட்டி முடிக்கும் வகுப்புகளும் அதனாலேயே பெருகின.

மாஸ்ட்ரிக்டின் பெரிய பங்களிப்பு 1977இல் வந்த முன்னேற்றத் தேர்வு. பட்டம் பெறும் நாளில் ஒரு மருத்துவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அவ்வளவையும் தழுவிய ஒரே வினாத்தாளை முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை எல்லோரும் ஆண்டுக்குச் சில முறை எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் வினாக்கள் புதியவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால், ‘தெரியாது’ என்ற விடையையும் தேர்ந்தெடுக்கலாம். முதலாண்டு மாணவர் பெரும்பாலான வினாக்களுக்குத் தெரியாது என்றே போடுவார். அதில் அவமானம் இல்லை. ஆறு ஆண்டுகளில் அவருடைய கோடு மேலேறுகிறதா, எங்கே தேங்குகிறது என்பதே கணக்கு. இந்தத் தேர்வுக்கென்று முதல் நாள் இரவு கண்விழித்துப் படிப்பதில் பயனில்லை, எதைப் படிப்பது? மாணவர் தான் தேர்ந்த இலக்குகளைப் படிக்கும் சுதந்திரமும் கெடவில்லை, எது தெரியவில்லை என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. மெக்மாஸ்டர் 1990களின் தொடக்கத்தில் இதைத் தன் அளவுக்கு வெட்டி, ஆண்டுக்கு மூன்று முறை 180 வினாக்கள் என்று வைத்தது. உரிமத் தேர்வுத் தோல்விகள் இறங்கின. சிக்கல்வழிக் கற்றலின் வரலாற்றில் சிறுகுழு அறைக்கு நிகரான கண்டுபிடிப்பு இது என்று சொன்னால் மிகையில்லை.

மற்ற ஊர்களுக்கு முறை போன விதம் ஒரே மாதிரி இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் 1978இல் புதிய கல்லூரியாகவே இதைத் தொடங்கியது. அதுவும் சுரங்க, இரும்பாலை நகரம் என்பது தற்செயலாக இருக்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பழைய பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டே, 1979இல் ஒரு சிறு தொகுதிக்கு மட்டும் இணையாக இதை நடத்தியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் இத்தகைய கல்லூரிகளின் கூட்டமைப்பும் அதே ஆண்டு ஜமைக்காவில் உருவானது. ஹார்வர்டு 1985இல் விரிவுரைகளையும் ஆய்வகத்தையும் விடாமல் சிறுகுழுக்களைச் சேர்த்துக் கலப்புமுறை கண்டது. ஹார்வர்டு செய்ததால் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது. கலப்புமுறையே பின்னாளில் உலக வழக்காகவும் ஆனது. மருத்துவத்துக்கு வெளியே மாஸ்ட்ரிக்ட் தன் சட்டம், பொருளியல் புலங்களுக்கும் இதை நீட்டியது. சிங்கப்பூரில் 2002இல் அமைந்த ரிபப்ளிக் பாலிடெக்னிக், காலையில் சிக்கல், மாலையில் விடை என்று நாளுக்கொரு சிக்கலாக அதை ஓட்டியது. இரண்டு நாள் ஊறவேண்டியது ஆறேழு மணி நேரத்தில் ஊறுமா என்பது கேட்கத் தக்க கேள்வி.

முறையை மிகக் கூர்மையாகச் சோதித்தவர்கள் அதன் வீட்டுக்காரர்களே. சிக்கல்களைத் தீர்க்கப் பழகினால் சிக்கல் தீர்க்கும் திறன் என்ற பொதுத்திறன் வளரும் என்பது தொடக்ககால நம்பிக்கை. 1970களில் பாரோஸ், விக்டர் நியூஃபெல்ட், இயற்பியலிலிருந்து கல்வி ஆய்வுக்கு வந்த ஜெஃப்ரி நார்மன் ஆகியோர் நடிப்பு நோயாளிகளை வைத்து மருத்துவர்களும் மாணவர்களும் யோசிப்பதைக் கவனித்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அனுபவசாலியும் ஊகங்களுக்கு வந்துவிடுகிறார், மாணவரும் வந்துவிடுகிறார். வழி ஒன்றுதான், அனுபவசாலியின் ஊகம் சரியாக இருக்கிறது, அவ்வளவே. மிச்சிகனில் ஆர்தர் எல்ஸ்டைனும் லீ ஷுல்மனும் மற்றவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நோயாளியிடம் வென்றவர் அடுத்த நோயாளியிடமும் வெல்வார் என்று சொல்ல முடியாது என்று காட்டியது. அறிவு வேண்டும், அதுவும் அந்தந்த நோய் பற்றிய அறிவு. கல்லூரி எந்த வாக்குறுதியின் மேல் நின்றதோ, அதையே அதன் ஆய்வுகள் அசைத்தன. நார்மனும் மாஸ்ட்ரிக்டின் ஹென்க் ஷ்மிட்டும் 1992இல் முறைக்கு வேறு நியாயம் எழுதினார்கள்: பழைய அறிவைக் கிளறிவிட்டுப் புதியதைச் சேர்ப்பதும், பயன்படும் சூழலிலேயே கற்பதும், பேசிப்பேசி விரிப்பதும் நினைவில் நிற்க உதவுகின்றன.

வெளியாரின் தீர்ப்புகள் கலவையாக இருந்தன. 1993இல் ஒரே ஆண்டில் வந்த இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள், இந்த முறையில் படித்தவர்கள் நோயாளியைக் கையாள்வதில் சற்று மேல், அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சமம் அல்லது சற்றுக் கீழ், படிப்பை விரும்புவதில் தெளிவாக மேல் என்றன. 2000இல் ஜெரி கோலிவர், பாரோஸ் பணியாற்றிய அதே தெற்கு இல்லினாய் கல்லூரியிலிருந்து, செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று எழுதினார். 2006இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் தாக்குதலை மேலும் கூட்டினார்கள். புதியவரின் செயல்நினைவு சிறியது. வழிகாட்டாமல் தேடவிட்டால் தேடுவதிலேயே அது தீர்ந்துபோகும் என்பது அவர்கள் வாதம். நல்ல சிறுகுழு வகுப்பில் வழிகாட்டல் குறைவாக இல்லை, தாளிலும் கேள்வியிலும் பலகையிலும் அது ஒளிந்திருக்கிறது என்று அடுத்த ஆண்டு சிண்டி ஹ்மெலோ-சில்வரும் துணையாசிரியர்களும் பதில் எழுதினார்கள். இரு தரப்பும் ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு வகுப்பறைகளைப் பேசிக்கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது.

மெக்மாஸ்டர் 2005இல் பாடத்திட்டத்தைத் திருத்தி, சிக்கல்களை மனம்போன வரிசையில் அடுக்காமல், அடிப்படைக் கருத்துகளின் வரிசைப்படி எளிதிலிருந்து கடினத்துக்கு அமைத்தது. விரிவுரைகளும் ஓரளவு திரும்பி வந்தன. சேர்க்கையில் நீண்ட நேர்காணலுக்குப் பதிலாக, ஒவ்வோர் அறையிலும் சில நிமிடங்கள் என்று பல அறைகளில் பலர் சோதிக்கும் சிறு நேர்காணல் சுற்று அதற்குச் சற்று முன்பே அங்கே பிறந்திருந்தது. நோயாளியைப் பற்றிய கேள்வியோடு நூலகத்துக்குப் போகும் பழக்கத்திலிருந்து, படித்த கட்டுரையை நம்பலாமா என்று எடைபோடும் பழக்கமும் அதே கல்லூரியில் வளர்ந்தது. சாக்கெட்டின் துறையில் வந்த கோர்டன் கயாட் 1990களின் தொடக்கத்தில் அதற்குச் சான்றுசார் மருத்துவம் என்று பெயரிட்டார்.

இந்தியாவில் 2019இல் சேர்ந்த எம்பிபிஎஸ் தொகுதியிலிருந்து திறன்வழிப் பாடத்திட்டம் நடப்புக்கு வந்தது. முதலாண்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பது, துறைகளை இணைத்துக் கற்பிப்பது, தானே கற்பதற்கென்று மணிக்கணக்கு ஒதுக்குவது ஆகியவை அதில் எழுத்தில் உள்ளன. இவற்றில் ஹாமில்டனின் சாயல் வெளிப்படை. கணக்கு மட்டும் இடிக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள். சுமார் எட்டுப் பேருக்கு ஒரு குழு என்றால் 31 குழுக்கள், 31 அறைகள், ஒரே நேரத்தில் 31 ஆசிரியர்கள். 20 மாணவர்களோடு தொடங்கியவர்களுக்கு நான்கு மேசைகள் போதுமானவையாக இருந்தன. மேலும், முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் தேர்வில் 200 கொள்குறி வினாக்கள் காத்திருக்கின்றன. எனவே தானே கற்பதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் பலரும் அந்த வினாவங்கிகளையே புரட்டுகிறார்கள்.